ரூகரும் க்ரூகரும்

‘க்ராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி’ என்ற வீடியோ விளையாட்டில் ஒரு ரைஃபிள் வருகிறது. பெயர் க்ரூகர். அமெரிக்காவில் செய்து விற்கப்படும் அசல் துப்பாக்கியின் பெயர் ரூகர். முன்னால் ஒரு ‘க்’ சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உருவத்தில் ஒளிவு மறைவு கிடையாது. துப்பாக்கி தெரிந்தவன் பார்த்த மாத்திரத்தில் இது ரூகர் மினி-14 வம்சம் என்று சொல்லிவிடுவான். அந்த ஒரு மெய்யெழுத்து எதற்கு என்று யோசிக்கப் போய் விளைந்தது இந்தக் கட்டுரை. வீடியோ விளையாட்டுக்கு விமர்சனமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சினிமாவுக்கும் இதே சுளிப்பு இருந்தது.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். 2002இல் வெளிவந்தது. செய்தவர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள ராக்ஸ்டார் நார்த். களம் 1986ஆம் வருஷத்து மியாமி. ஆனால் மியாமி என்று சொல்லப்படுவதில்லை, வைஸ் சிட்டி என்று பெயர். பதினைந்து வருஷம் சிறையிலிருந்து வெளிவந்த டாமி வெர்சட்டி என்பவனை நாம் நடத்துகிறோம். கண்ணில் பட்ட காரைப் பறித்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் எந்தத் திசையிலும் போகலாம்; போகாமல் ரேடியோ கேட்டுக்கொண்டு நிற்கவும் செய்யலாம். கதை என்று ஒன்று இருக்கிறது. அது ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்திலிருந்தும் ‘மியாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடரிலிருந்தும் பிய்த்துக் கோத்தது; அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முதல் அனுபவம் கார். இரண்டாவது துப்பாக்கி.

இந்த விளையாட்டில் எவை சொந்தப் பெயரோடு வருகின்றன, எவை முகமூடியோடு வருகின்றன என்று பார்ப்போம். ஊருக்கு முகமூடி. கார்களுக்கு முகமூடி: ஃபெராரி டெஸ்டரோஸாவின் உடல் ‘சீட்டா’ என்ற பெயரில் ஓடுகிறது. ஆனால் துப்பாக்கிகள்? கோல்ட் 45, பைதன், ஊஸி, எம்பி5, ஸ்பாஸ் 12, டெக் 9, எம்60 – அத்தனையும் அசல் பெயர்கள். மனிதர்களுக்கு வந்தால், கியூபர்கள் கியூபர்களாகவே வருகிறார்கள், ஹைட்டியர்கள் ஹைட்டியர்களாகவே. சேரியில் துப்பாக்கியோடு திரிந்து சுட்டுக்கொள்ளும் கும்பல்களின் பெயர்களாக இவை வருகின்றன. காருக்குக் கிடைத்த மறைப்பு ஒரு ஜனக்கூட்டத்துக்குக் கிடைக்கவில்லை. துப்பாக்கிகளில் ரூகருக்கு மட்டும் ஓர் எழுத்து.

சட்டப் பயம் என்று சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். ஓரளவு உண்மைதான். கார்க் கம்பெனிகள் தங்கள் வண்டி நசுங்கிப் பற்றியெரிவதைப் பார்க்க விரும்புவதில்லை. பெயரின் மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள். மேற்சொன்ன ‘மியாமி வைஸ்’ தொடரிலேயே இதற்குச் சரித்திரம் உண்டு. முதலில் அதில் ஓடிய ஃபெராரி டேடோனா போலி: ஒரு கார்வெட்டின் அடித்தளத்தின் மேல் ஃபெராரியின் தோலைப் போர்த்தியிருந்தார்கள். நகல் செய்தவர்கள் மேல் ஃபெராரி வழக்குப் போட்டது. பிறகு தானாகவே இரண்டு அசல் டெஸ்டரோஸாக்களைக் கொடுத்தது. 1986இல் தொடங்கிய மூன்றாவது பருவத்தில் அவை ஓடின. கார்க் கம்பெனி தன் பிம்பத்தை அப்படிப் பேணுகிறது. துப்பாக்கிக் கம்பெனிகளின் கணக்கு வேறு. கொலைக் கருவியாகப் பெயர் அடிபடுவது அவர்களுக்கு வியாபார நஷ்டம் அல்ல. விளையாட்டுக் கம்பெனிகள் சில, துப்பாக்கிக்காரர்களுக்குக் காசு கொடுத்து உரிமம் வாங்கியே பெயர்களைப் போட்டுவந்தன. 2013 மே மாதம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி, இனிக் காசு கொடுக்க மாட்டோம், ஆனால் பெயர்களைப் போடுவதை நிறுத்தவும் மாட்டோம், அது எங்கள் பேச்சுரிமை என்றது. கனெக்டிகட்டில் சாண்டி ஹூக் பள்ளிக் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டு ஐந்து மாதம்கூட ஆகியிராத சமயம். பெயரால் ஆன பந்தத்தை முறித்துக்கொண்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் வியாபாரம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சொந்தப் பெயரோடு வரும் பொருள் தன் சரித்திரத்தையும் கூடக் கொண்டுவருகிறதா, அல்லது பெயர் வெறும் சீட்டா? வைஸ் சிட்டியில் இந்தக் கேள்விக்கு எதிர்பாராத ஓர் அழுத்தம் கிடைக்கிறது. ஏனென்றால் அதன் துப்பாக்கிகளில் சில, உண்மையாகவே மியாமியின் துப்பாக்கிகள்.

டெக் 9ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்வீடனில் கருக்கொண்டு மியாமிக்குக் குடிவந்த ஆயுதம் அது. முதலில் கேஜி-9 என்ற பெயர். கொஞ்சம் நோண்டினால் இயந்திரத் துப்பாக்கியாக மாறிவிடுகிறது என்று 1982இல் மத்திய அரசின் துப்பாக்கி இலாகா தடுத்தது; உள்ளமைப்பை மாற்றி கேஜி-99 ஆக்கினார்கள். பிறகு மியாமியின் இன்ட்ராடெக் கம்பெனி அதையே டெக்-9 என்று விற்றது. கலிஃபோர்னியா அந்தப் பெயரைச் சட்டத்தில் எழுதித் தடைசெய்ததும் டெக்-டிசி9 என்று பெயர் மாறிற்று. 1994இல் அமெரிக்கா முழுவதற்குமான தடைச் சட்டம் வந்தது. ஏபி-10 என்று மறுபடி மாறிற்று – தடைக்குப் பிந்தியது என்பதன் சுருக்கமாம். கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் 1999இல் சுட்ட இருவரில் ஒருவனிடம் இருந்தது டெக்-டிசி9. இத்தனை பெயர்களுக்கும் இரும்பு ஏறத்தாழ ஒன்றுதான். சட்டம் பெயரைத் துரத்த, பெயர் சட்டையை மாற்றிக்கொண்டே ஓடியிருக்கிறது. ரூகருக்கு ஒரு ‘க்’ சேர்த்த எடின்பரோக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை; துப்பாக்கித் தொழிலின் பழைய சாதுரியத்தைத் தெரிந்தோ தெரியாமலோ திரும்பச் செய்திருக்கிறார்கள்.

விளையாட்டில் ‘மாக்’ என்று வரும் இங்கிரம் மாக்-10க்கும் மியாமியில் ஒரு தேதி உண்டு: 1979 ஜூலை 11, டேட்லண்ட் என்ற கடைவளாகத்தின் சாராயக் கடை, பட்டப்பகல், கொக்கெய்ன் வியாபாரிகள் இரண்டு பேர் கொலை. மியாமியின் போதைமருந்து யுத்தம் ஊர் அறிய வெளிப்பட்டது அன்றுதான் என்பார்கள்.

இனி ரூகர். 1986 ஏப்ரல் 11. மியாமியின் தெற்குப் புறநகர். வங்கிக் கொள்ளையர் இருவர் திருட்டுக் காரில் போகிறார்கள். எஃப்.பி.ஐ. ஆட்கள் எட்டுப் பேர் பல கார்களில் சுற்றி வளைத்து, மோதி, அந்தக் காரை ஒரு மரத்தடியில் நிறுத்துகிறார்கள். பிறகு சில நிமிஷங்கள். நூற்றுக்கு மேற்பட்ட தோட்டாக்கள். கொள்ளையர் இருவரும் செத்தார்கள், எஃப்.பி.ஐ. தரப்பில் இரண்டு பேர் மரணம், ஐந்து பேருக்குக் காயம். அந்தச் சாவையும் காயத்தையும் பெரும்பாலும் விளைவித்தது கொள்ளையரில் ஒருவன் கையிலிருந்த ரூகர் மினி-14. வைஸ் சிட்டி தன் களமாக வைத்துக்கொண்ட வருஷம், தன் களமாக வைத்துக்கொண்ட ஊர். அந்தத் துப்பாக்கி மேல்தான் ‘க்’ விழுந்திருக்கிறது. இதில் உள்நோக்கம் எதையும் நான் கற்பிக்கவில்லை. தற்செயலாகவே இருக்கலாம். கலையில் தற்செயல்களும் பேசும். பேச விடுகிறதா படைப்பு என்பதே விஷயம்.

அந்தச் சண்டையின் இரண்டு விவரங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது: மோதலுக்கு முன் காரோட்டிக்கொண்டிருந்த ஏஜன்ட் ஒருவர் தன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துத் தயாராகப் பக்கத்து இருக்கையில் வைத்திருந்தார். கார்கள் மோதிய வேகத்தில் அது எகிறிப் போயிற்று. சண்டை முழுவதும் அவர் நிராயுதபாணி. இரண்டாவது: ரூகர் வைத்திருந்தவன் மேல் ஆரம்பத்திலேயே ஒரு 9 மில்லிமீட்டர் தோட்டா பாய்ந்தது. கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் உடனே விழவில்லை. சாவுக்கும் விழுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் அவன் தொடர்ந்து சுட்டான். அந்த ஓர் அங்குலத்தைப் பற்றி எஃப்.பி.ஐ. வருஷக் கணக்கில் யோசித்தது. துப்பாக்கியை மாற்றியது, தோட்டாவை மாற்றியது, 1990இல்.40 என்ற புது அளவுத் தோட்டா சந்தைக்கு வந்ததற்குப் பின்னால் இருப்பது அந்த அங்குலம்தான்.

இருக்கையிலிருந்து எகிறிய ஒரு துப்பாக்கி, ஓர் அங்குலம் முன்னால் நின்ற ஒரு தோட்டா. பொருளின் கனம் என்று நான் சொல்வது இதைத்தான்.

வைஸ் சிட்டியில் துப்பாக்கிக்குக் கனம் கிடையாது. இதை உருவகமாகச் சொல்லவில்லை. தெருவோரங்களில் கிடக்கும் ஆயுதங்கள் அங்கே கிடப்பதே இல்லை: தரைக்குச் சற்று மேலே, ஒளிவட்டத்துக்குள், தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு மிதக்கின்றன. மேலே நடந்து போனால் போதும், உன்னுடையது. பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள எம்60ஐயும், ஒரு ராக்கெட் எறிகுழாயையும், ரிவால்வரையும், ரைஃபிளையும் டாமி வெர்சட்டி தன் பூப்போட்ட மெல்லிய சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிறான், ஸ்கூட்டர் ஓட்டுகிறான். கோல்ட் 45 என்பது ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கியின் பெயர். அதன் மாகஸின் ஏழு தோட்டா கொள்ளும். (மாகஸின் என்றால் களஞ்சியம், நாம் நடத்துவதும் அவர்கள் அடைப்பதும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. இரண்டும் சீக்கிரம் காலியாகிவிடும் என்பதிலும் ஒற்றுமை உண்டு.) வைஸ் சிட்டியின் கோல்ட் 45 சுடுவது பதினேழு. பெயரை வாங்கி வந்தவர்கள் ஏழை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஏழாவது தோட்டாவுக்குப் பிறகு வரும் மௌனம்தான் அந்தத் துப்பாக்கியின் சுபாவம். அது போய்விட்டால் மிச்சம் ஒரு முத்திரை. தோட்டா உடலில் புகுந்தால் ஓர் எண் குறைகிறது. குறைந்து பூஜ்யமானால் ஆஸ்பத்திரி வாசலில் எழுந்து நிற்கிறான். ஆயுதங்களும் கொஞ்சம் பணமும் போயிருக்கும். ஓர் அங்குலத்துக்கு அங்கே இடமே இல்லை.

தத்ரூபம் என்பதை நாம் பாராட்டாகவே வழங்கி வருகிறோம். குழலின் துளை, கைப்பிடியின் ரேகை, வெற்றுத் தோட்டா தெறிக்கும் பக்கம் – எல்லாம் சரியாக இருந்தால் யதார்த்தம் வந்துவிட்டதாக நினைக்கிறோம். கதையில் பீடியின் பெயரையும் பஸ்ஸின் நம்பரையும் எழுதிவிட்டால் வாழ்க்கை வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பெயரும் உருவமும் கண்ணுக்கு. பொருள் பொருளாவது அது நம்மை எதிர்க்கும்போது: நம்மிடம் ஒரு விலை கேட்கும்போது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், வைஸ் சிட்டியிலேயே ஓர் இடத்தில் துப்பாக்கி நிஜமாகிவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது காருக்குள். ஓட்டுகிறவன் முன்னால் சுட முடியாது. இடது ஜன்னலையோ வலது ஜன்னலையோ பார்த்துத்தான் சுட வேண்டும். அதுவும் ஊஸி, மாக் மாதிரிச் சிறிய இயந்திரத் துப்பாக்கிகளால் மட்டும். பக்கவாட்டில் பார்த்த கணத்தில் எதிரே இருக்கும் சாலை மறைந்துவிடுகிறது. அறுபது எழுபது மைல் வேகத்தில் குருட்டுத்தனமாகப் போய்க்கொண்டு, வலப்பக்கம் பார்த்துச் சுட்டுக்கொண்டு, எந்த நேரமும் விளக்குக் கம்பத்தில் மோதலாம் என்று தோள்கள் இறுகும் அந்த இரண்டு மூன்று விநாடி – அதில் பெயர் தேவையில்லை. அந்தத் துப்பாக்கி எந்தக் கம்பெனியுடையது என்று அப்போது யாருக்கும் நினைவு வராது. சாலையை விலையாகக் கேட்கும் துப்பாக்கி அது. காரின் பளுவைக் கடன் வாங்கி அது பளுவாகிவிடுகிறது. பொருள்களைப் பற்றி இந்த விளையாட்டு தானாக அறிந்த ஒரே விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். மற்றவை எல்லாம் காட்சிச் சாலை.

அதே 2002இல் செக் நாட்டின் பர்னோவிலிருந்து ‘மாஃபியா’ என்ற விளையாட்டு வந்தது. அதன் நாயகனும் ஒரு டாமி. டாக்ஸி டிரைவர், 1930களின் கற்பனை அமெரிக்க நகரம். நகரத்துக்குள் நாற்பது மைலுக்கு மேல் போனால் போலீஸ் விரட்டி வந்து அபராதச் சீட்டுக் கிழிக்கும். அங்கேயும் கார்களுக்கு முகமூடிப் பெயர். தாம்ஸன் இயந்திரத் துப்பாக்கிக்கு அசல் பெயர். ஆனால் ஒரு வித்தியாசம். பாதி சுட்ட மாகஸினை மாற்றினால், உள்ளே மீந்திருந்த தோட்டாக்கள் போயின. வேறு விளையாட்டுகளில் அவை மாயமாகப் பைக்குத் திரும்பிவிடும். இங்கே கீழே விழுந்த பெட்டியோடு போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு சஞ்சலம்: இருக்கும் நான்கை வைத்துக்கொண்டு மூலையைத் திரும்புவதா, நான்கையும் எறிந்துவிட்டு நிரப்பிக்கொள்வதா? இந்தச் சின்னச் சிக்கனக் கேள்வி, தாம்ஸனின் மரக் கைப்பிடியை எத்தனை நுணுக்கமாக வரைந்தாலும் வராத ஒன்றைக் கொண்டுவந்துவிடுகிறது. எதிரியின் முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். எண்ணத் தெரிந்தவனுக்குத்தான் பயம் வரும்.

இன்னொரு வழியும் உண்டு: துப்பாக்கியே இல்லாமல் விட்டுவிடுவது. நியூகாஸிலின் ரிஃப்ளெக்ஷன்ஸ் 1999இல் செய்த ‘டிரைவர்’ அப்படி. ஓட்டுகிறவன் காரை விட்டு இறங்குவதே இல்லை. 2004இல் அதன் மூன்றாம் பாகத்தில் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள் – களங்களில் ஒன்று மியாமி, வைஸ் சிட்டியின் மேல் பொறாமை வேறு. வெர்சட்டியைக் கேலி செய்து வெர்மிசெல்லி என்ற பெயரில், கையில் நீச்சல் மிதவை மாட்டிய ஒரு கோமாளியை அங்கங்கே ஒளித்துவைத்திருந்தார்கள். கேலி செய்தவர்களின் துப்பாக்கிப் பகுதிதான் கேலிக்கு இடமாயிற்று. 2011இல் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு, உரிமம் பெற்ற அசல் கார்களை அசல் பெயர்களோடு ஓடவிட்டார்கள். கார் தன் பெயரைத் திரும்பப் பெற, துப்பாக்கி வெளியேற வேண்டியிருந்தது. இது வியாபார ஒப்பந்தமா, அழகியல் ஞானமா என்று பிரித்துச் சொல்வது சிரமம்.

எடின்பரோவுக்குத் திரும்புகிறேன். 1996 மார்ச்சில் அதே ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளியில் ஒருவன் கைத்துப்பாக்கிகளோடு புகுந்து பதினாறு குழந்தைகளையும் அவர்கள் ஆசிரியையையும் கொன்றான். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இரண்டு சட்டங்கள் மூலம் கைத்துப்பாக்கிகளை அநேகமாக முழுவதுமாகவே தனியார் கையிலிருந்து அகற்றிவிட்டது. அந்த 1997இல்தான் இந்த விளையாட்டு வரிசையின் முதல் பாகம் டண்டீயிலிருந்து வெளிவந்தது. சாதாரணக் குடிமகன் கோல்ட் 45ஐக் கையில் எடுத்துப் பார்க்கக்கூட வழியில்லாத தேசத்தில் உட்கார்ந்து கோல்ட் 45ஐ வரைந்திருக்கிறார்கள். குறையாக இதைச் சொல்லவில்லை. போகாத ஊருக்கு வழி சொல்வது எழுத்தாளன் தொழில்தான். ஆனால் அவர்களுடைய துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதற்கு இது விடை: இரும்பிலிருந்து வரவில்லை, திரையிலிருந்து வந்தது. திரையில் நடிகன் ஒருபோதும் எண்ணுவதில்லை. அந்தப் பதினேழு தோட்டா அப்படித்தான் வந்திருக்க வேண்டும். பிம்பத்தின் பிம்பத்துக்கு அசல் பெயரைச் சூட்டியதுதான் நெருடல். 2008இல் வந்த நான்காம் பாகத்தில் கம்பெனிப் பெயர்கள் போய்ப் பொதுப் பெயர்கள் வந்தன. அந்த அளவில் அது நேர்மை என்பேன், காரணம் எதுவானாலும்.

மனிதர்களின் பெயர் பாக்கியிருக்கிறது. 2003இன் இறுதியில் ஹைட்டிய அமெரிக்கர்கள் தெருவில் இறங்கினார்கள். தங்களைக் கொல்லச் சொல்லும் ஒரு வரி விளையாட்டில் இருக்கிறது என்றார்கள். இருந்தது. இந்த ஜனங்கள் 1980ஐ ஒட்டிய வருஷங்களில் ஓட்டைப் படகுகளில் ஏறி ஃபிளாரிடா கரைக்கு வந்தவர்கள். 1980இன் சில மாதங்களுக்குள் மரியெல் துறைமுகத்திலிருந்து ஒன்றேகால் லட்சம் கியூபர்கள் வந்து இறங்கிய அதே கரை. கம்பெனி வருத்தம் தெரிவித்து, பின்வரும் பிரதிகளில் அந்த வரியை எடுத்துவிட ஒப்புக்கொண்டது. ஃபெராரி வக்கீலை அனுப்பாமலேயே சீட்டாவாகிவிட்டது. ஹைட்டியர்கள் கொடி பிடித்து ஒரு வரியைப் பெற்றார்கள். கும்பலின் பெயர் கும்பலின் பெயராகவே இருக்கிறது.

சென்ற வாரம் மறுபடி கொஞ்ச நேரம் ஓட்டினேன். சீட்டா ஒன்றைப் பறித்துக்கொண்டு, க்ரூகரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, கடற்கரைச் சாலையில் முழு வேகத்தில் போய் ஒரு தென்னைமரத்தில் மோதினேன். வண்டியின் முன்பக்கம் மடிந்தது, கண்ணாடி நொறுங்கியது, புகை வந்தது. டாமி கதவைத் திறந்து இறங்கினான். க்ரூகர் கையில் இருந்தது.